சாவி அவனிடம் இருந்தது

“சட்டை பட்டனைக் கழட்டுங்க… சீக்கிரம்.”

முன்பின் தெரியாத ஒருவனிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் இதுதான். பிற்பாடு இதை நினைக்கும்போதெல்லாம் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் வெட்கப்பட எல்லாம் நேரமில்லை. கொட்டுகிற மழையில் முன்கட்டடத்திலிருந்து பின்கட்டடத்துக்கு ஓடி வந்திருந்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கோட்டுக்குள் நாலு தட்டையான பிளாஸ்டிக் புட்டிகளை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கை இரண்டுதான், புட்டி நாலு.

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தவன் திருதிருவென்று விழித்தான். காலடியில் ஒரு கருப்புப் பெட்டி. முப்பது வயது இருக்கலாம். அவசரம் என்ற ஒன்றையே கேள்விப்படாத முகம்.

“எதுக்குங்க?”

“இதுல ரெண்டை நீங்க உள்ள வெச்சுக்கணும். உடம்போட ஒட்டி. படுக்கை வாக்குல… சாய்க்கக் கூடாது.”

“உள்ள என்ன இருக்கு?”

“உயிர் இருக்கு. குளிர் பட்டா போயிடும். பேசிட்டே நிப்பீங்களா?”

அவன் முதல் பட்டனைக் கழற்றினான். பிறகு இரண்டாவதை… அதுவும் ஏதோ கல்யாணப் பத்திரிகையைப் பிரிப்பதுபோல அவ்வளவு பொறுமையாக. அவளால் தாங்க முடியவில்லை. எட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். ஒரு பட்டன் தெறித்து எங்கோ போனது. இரண்டு புட்டிகளையும் அவன் சட்டைக்குள் திணித்து, அவன் கையையே பிடித்து மேலே வைத்து அழுத்தினாள்.

“இப்படியே நில்லுங்க. அசையாதீங்க.”

“எவ்வளவு நேரம்?”

உள்ளே செல் வளர்க்கும் அறைக்கு இரும்புப் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். அவள் போனில் அவரைப் பிடித்து, “உடனே வாங்க” என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, மற்ற இரண்டு புட்டிகளைக் கோட்டுக்குள் இறுக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றாள் என்று பேருக்குத்தான் சொல்ல வேண்டும். கால் தாளம் போட்டது. கண் பூட்டுக்கும் மழைக்குமாக அலைந்தது.

ஐந்து நிமிஷம் கழித்து அவன் மெதுவாகக் கேட்டான்.

“மூச்சு விடலாங்களா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கேலியா, நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாத கண்கள். மழை வெளிச்சத்தில் கொஞ்சம் பழுப்பாகத் தெரிந்தன. சிரிக்கிற மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

“…மெதுவா விடுங்க.”

“இது யாரோட உயிருன்னு சொன்னா, அதுக்குத் தகுந்த மாதிரி பிடிச்சுப்பேன்.”

“எங்க அக்காவோடது.”

சட்டைக்கு மேலே இருந்த கை இன்னும் கொஞ்சம் பதிந்ததை அவள் கவனித்தாள். சாவிக்காரர் குடையும் ஏப்பமுமாக வந்து சேர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் அவன் அசையவே இல்லை.

நாலு புட்டிகளையும் செல்களைக் கதகதப்பாக வைக்கும் இன்குபேட்டருக்குள் பத்திரமாகப் படுக்க வைத்து, கதவைச் சாத்தி, அவள் பெருமூச்சு விட்டுத் திரும்பியபோது, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டான்.

“முன்கட்டடம் மூணாவது மாடியில இன்குபேட்டர் ஓடலைன்னு கம்ப்ளெயின்ட். அங்க எப்படிப் போகணும்?”

அவளுக்கு இரண்டு நொடி எதுவும் புரியவில்லை. புரிந்தபோது கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

“நீங்கதான் அந்த ஆளா? அங்க முப்பத்தேழு டிகிரி முப்பத்திநாலா இறங்கிட்டு இருக்கு… நீங்க இங்க மழை வேடிக்கை பார்த்தீங்களா?”

“பெட்டிக்குள்ள புது சர்க்யூட் போர்டு இருக்கு மேடம். நனைஞ்சா மாட்டியும் பிரயோஜனம் இல்ல. மழை விட்டதும்…”

“நிதானம்… உங்களுக்கு ரொம்ப நிதானம்.”

அன்று மாலைக்குள் அவன் போர்டை மாற்றி, மெஷினை ஓட வைத்துவிட்டுப் போனான். வீட்டுக்குக் கிளம்பும்போது கோட்டுப் பையில் கையை விட்டாள். ஒரு பட்டன் அகப்பட்டது. சாம்பல் நிறம், நாலு துளை. தெறித்த பட்டன் எங்கே போனதென்று இப்போது தெரிந்தது. தூக்கிப் போடலாம் என்றுதான் நினைத்தாள்… போடவில்லை.

*

அவளுடைய அக்கா கணக்கு டீச்சர். மூன்று வருஷத்துக்கு முன் கரும்பலகையின் மேல்வரி வரைக்கும் எழுதியவள். போன வருஷம் நடுப்பகுதி. இப்போது கீழ்ப்பாதி மட்டும்தான், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. தசைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டிருக்கும் நோய். ஊரில் நாலு பேருக்கு வந்தாலே அதிகம். பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் நோயின் பெயரை அழகாகச் சொன்னார்கள். மருந்தின் பெயரைத்தான் யாரும் சொல்லவில்லை.

அதற்குத் தங்கை ஆராய்ச்சிக்கூடத்தில் உட்கார்ந்து மருந்து தேடினாள். அக்காவின் தொடையிலிருந்து பருக்கை அளவு தசையை எடுத்து, அதிலிருந்த செல்களைப் புட்டியில் வளர்த்து, சின்னச் சின்னத் தட்டுகளுக்கு மாற்றி, ஒவ்வொரு மருந்தாகக் கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. ஆறு நாள் கழித்து நீலச் சாயம் விட வேண்டும். செத்த செல் நீலமாகிவிடும், உயிருள்ள செல் நீலத்தை உள்ளே விடாது. எண்ணுவதற்கு ஒரு மெஷின் உண்டு. எட்டு மருந்துகள் கை விரித்துவிட்டன. இப்போது ஒன்பதாவது.

“என் பிள்ளைங்க எப்படி இருக்காங்க? அட்டெண்டன்ஸ் எடுத்தியா?” என்று அக்கா தினமும் கேட்பாள். புட்டிக்குள் இருக்கிற செல்கள்தான் அவளுடைய பிள்ளைகள்.

“இன்னிக்கு அத்தனை பேரும் ப்ரசென்ட்.”

“பின்பெஞ்சுல யாராவது தூங்கினா சொல்லு, வந்து காதைத் திருகுறேன்.”

காதைத் திருகக் கையைத் தூக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பெயரே ‘பரபரப்பு’. உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் நடப்பாள். நடந்து நடந்து இன்குபேட்டர் முன்னால் போய் நிற்பாள். கதவைத் திறப்பாள். தட்டுகளை எட்டிப் பார்ப்பாள். வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது என்று முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் பார்ப்பாள். அக்கா தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்க்கிற அதே பழக்கம்தான் இது.

ஒன்பதாம் நம்பர் மருந்து கொடுத்த தட்டுகளை மட்டும் அவள் உள்ளே தள்ளி, பின்பக்கத்தில் வைத்திருந்தாள். ஏனோ அதுதான் பத்திரம் என்று மனசு சொன்னது. மருந்து கொடுக்காத தட்டுகள் முன்னால், கதவோரம் இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொள்ளவில்லை.

*

அந்த ஆறு நாளில் நிதானம் ஐந்து தடவை வந்தான்.

“புது போர்டு மாட்டியிருக்கு இல்லையா மேடம்… பார்த்துட்டுப் போகலாம்னு.”

உள்ளே முன்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியை வைத்திருந்தான். நிமிஷத்துக்கு ஒரு முறை வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். போர்டு மாற்றினால் ஒரு வாரம் அதை வைத்துப் பார்ப்பது அவன் கம்பெனி வழக்கமாம். வருவான், கதவைத் திறப்பான், ஒரு திருகைத் தொட்டுப் பார்ப்பான், சாத்துவான். அப்புறம் அவள் குடித்துக்கொண்டிருக்கும் காபியைப் பார்ப்பான். “உங்களுக்கும் வேணுமா?” என்று அவள் கேட்டாக வேண்டியிருக்கும்.

“செல்லுக்கு வலிக்குமா?” என்றான் ஒரு நாள்.

“தெரியாது. ஆனா கஷ்டப்படும். சுருங்கும்… ஒட்டியிருக்கிற பிடியை விட்டுடும்.”

“மனுஷங்க மாதிரிதான்.”

இன்னொரு நாள், “உங்களுக்குப் பொழுதே போகலையா? வேற மெஷினே இல்லையா ஊர்ல?” என்று அவள் கேட்டாள்.

“இருக்கு. அதெல்லாம் ஒழுங்கா ஓடுது.”

“இதுவும் ஒழுங்காத்தானே ஓடுது?”

அவன் காபியை ஊதினான். அவள் மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையில் கை தானாகப் போய்ப் பட்டனை உருட்டியது. சே, என்ன இது… என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டியதில் கொஞ்சம் தித்திப்பும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

திங்கட்கிழமை எண்ணிக்கை வந்தது. மருந்து கொடுக்காத தட்டில் நூற்றுக்கு நாற்பது செல் உயிரோடு. ஒன்பதாம் நம்பர் தட்டில் எழுபது. அவள் எண்ணும் மெஷினை மூன்று தடவை ஓட விட்டாள். மூன்று தடவையும் எழுபது.

மாலை வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“எழுபது அக்கா… எழுபது.”

“மருந்தா கைக்கு வர இன்னும் வருஷக்கணக்கு ஆகும்னு நீதானே சொல்லுவ?” என்றாள் அக்கா. சொல்லும்போதே குரல் உடைந்தது. பிறகு தங்கையின் தலையைத் தடவ வலது கையை இடது கையால் தூக்கி வைத்தாள். “பரவாயில்ல… வரும்னு ஒண்ணு இருந்தாப் போதும். அது வரைக்கும் கீழ்ப்பாதியிலயே எழுதுவேன்.”

*

மறுநாள் அவன் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். வழக்கமான அந்த அரைச் சிரிப்பு இல்லை.

“மேடம், கருவி குறிச்சதை எடுத்தேன். ஒரு தடவை பார்த்துடுங்க.”

முப்பத்தேழில் நேராக ஓட வேண்டிய கோடு, ரம்பப் பல்லாக ஏறி இறங்கிக் கிடந்தது.

“மெஷின் சரியில்லையா?”

“மெஷின் நல்லா இருக்கு. ஒவ்வொரு பள்ளமும் கதவு திறந்த நேரம். வியாழக்கிழமை மட்டும் இருபத்தாறு தடவை. ஒரு தடவை திறந்தா முன்பக்கம் முப்பத்திமூணுக்கு இறங்குது, ஏற கால் மணி நேரம் ஆகுது. ஏறுறதுக்குள்ள திரும்பவும் திறந்திருக்கு. பின்னாடி அவ்வளவா இறங்கியிருக்காது…” அவன் தயங்கினான். “மருந்து கொடுத்ததை எங்க வெச்சிருந்தீங்க?”

பின்பக்கம். பத்திரமான இடத்தில். முன்னால் இருந்தவை வாரம் முழுக்கக் குளிரில் நடுங்கியிருக்கின்றன. அப்படியானால் அந்த எழுபது… மருந்து கொடுத்ததா, இடம் கொடுத்ததா?

பயம் வந்தால் சிலர் அழுவார்கள். அவள் சீறினாள்.

“நீங்க மெஷினைப் பார்க்க வந்தவர். மெஷினைப் பாருங்க. என் வேலையில மூக்கை நுழைக்காதீங்க.”

“மெஷினைத்தான் பார்த்தேன். மெஷின் உங்களைப் பார்த்திருக்கு.”

“போதும். திருகு முடுக்குறவர் வந்து எனக்கு ஆராய்ச்சி சொல்லித் தர வேண்டாம்.”

அறையில் இருந்த இரண்டு மாணவிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் முகம் ஒரு நொடி சிவந்து, பிறகு பழையபடி ஆனது. காகிதத்தை மேசைமேல் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் அவளுடைய காபிக் கோப்பையை வைத்தான். போய்விட்டான்.

வாயை விட்டுப் போன வார்த்தை திரும்ப வராது என்பதுகூடப் பரவாயில்லை. அவன் சொன்னது சரி என்பதுதான் அவளைக் குடைந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்டம். எந்த மருந்தை மேலே கொண்டுபோவது, எதை நிறுத்துவது என்று அன்று முடிவு செய்வார்கள். எழுபதுக்கு நாற்பது என்றால் ஒன்பதாம் நம்பர் தாராளமாகப் போகும். அந்தக் காகிதம் பற்றி வேறு யாருக்கும் தெரியாது. மடித்துக் குப்பையில் போட்டால் முடிந்தது. அவள் மடித்தாள். பிரித்தாள். மறுபடியும் மடித்தாள். போலி எழுபதை நம்பி அக்காவுக்காக வருஷக்கணக்காக ஓடி, கடைசியில் ஒன்றும் இல்லை என்று ஆனால்…

புதன்கிழமை காலை அந்தக் காகிதத்தைத் துறைத்தலைவியின் மேசையில் விரித்து வைத்தாள். ‘பெரிய மேடம்’ என்றால் எல்லாருக்கும் நடுக்கம். அவர் கண்ணாடியை ஏற்றி ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்தார்.

“இருபத்தாறு தடவையா? அங்க என்னம்மா, அடுப்புல பால் வெச்சிருந்தியா?”

“தப்புதான் மேடம். திரும்பப் பண்றேன். நாளைக்கு ஆரம்பிச்சா கூட்டத்துக்கு முந்தின நாள் எண்ணிடலாம். தட்டுகளை எங்க வைக்கிறதுன்னு சீட்டுப் போட்டு எடுக்கிறேன்… மருந்து கொடுத்தது முன்னாடியும் வரும், பின்னாடியும் வரும்.”

“கதவு?”

ஆறு நாள் கதவைத் திறக்காமல் இருக்க முடியும் என்று அவளாலேயே அவளை நம்ப முடியவில்லை.

*

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தங்கை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை சிவப்புப் பேனா ஒரே இடத்தில் நின்றது. மை ஊறிப் பொட்டாகப் பரவியது.

“அப்போ எழுபது இல்லையா?”

“தெரியல அக்கா. இருக்கலாம்… ஒண்ணுமே இல்லாமலும் போகலாம்.”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

“என் கிளாஸ்ல பார்த்து எழுதி எழுபது வாங்குற பையனுக்கு நான் முட்டை போடுவேன்,” என்றாள். “திரும்பப் பரீட்சை வை. தப்பைக் கண்டுபிடிச்சது நீயா?”

“இல்ல… மெஷின் சர்வீஸுக்கு வர்றவர்.”

“நல்ல ஆளா இருக்காரே. நன்றி சொன்னியா?”

தங்கை நகத்தைக் கடித்தாள். நடந்ததைச் சொன்னாள். அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

“திருகு முடுக்குறவர்னா சொன்ன? வாய்க்கு ஒரு திருகு போடச் சொல்லியிருக்கணும் அவரை.”

போன் எடுக்க அவளுக்கு அரை மணி நேரம் பிடித்தது. அவன் எடுத்ததும் மன்னிப்பு கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“இன்குபேட்டர் கதவுக்குப் பூட்டு இருக்கா?”

“இருக்கு மேடம். யாரும் உபயோகிக்கிறதில்ல. சாவி எங்ககிட்டதான் கிடக்கு.”

“நாளைக்கு வந்து பூட்டிட்டுச் சாவியை நீங்களே எடுத்துட்டுப் போங்க. நான் கேட்டாலும் தராதீங்க. நடுவுல ஒரே ஒரு தடவை, மூணாம் நாள், செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும். அப்ப மட்டும் வந்து திறங்க.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அப்புறம்… அன்னிக்கு நான் பேசினது… சாரி.”



“சரிங்க மேடம். காலையில வர்றேன்.”

*

வந்தான். பூட்டினான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் காபி நீட்டினாள். “பரவாயில்ல மேடம், வெளிய வேலை இருக்கு” என்று போய்விட்டான். அந்த ‘மேடம்’ முன்பு மாதிரி இல்லை. முகத்தில் கதவைச் சாத்தினாற்போல் இருந்தது.

திறக்க ஒரு கதவு இல்லாமல் போனதும் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. வெள்ளி முழுக்க மெஷின் முன்னால் நின்று 37.0 என்ற எண்ணையே பார்த்தாள். சனிக்கிழமை மேசையைச் சுத்தம் செய்தாள். பிறகு பக்கத்து மேசையைச் செய்தாள். மாணவிகள் தங்கள் மேசைகளைக் காப்பாற்ற ஓடினார்கள். உள்ளே அக்காவின் பிள்ளைகள் என்ன ஆனார்களோ… ஒன்பதாம் நம்பர் காப்பாற்றுகிறதா, கைவிடுகிறதா…

ஆனால் சனி மதியத்துக்குள் இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்துபோனது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை திரும்பியது. செல்களுக்காக யாரும் மாடிப்படியைப் பார்ப்பதில்லை.

ஞாயிறு காலை அக்கா சாவகாசமாகக் கேட்டாள். “லீவு நாள்ல தலை பின்னி, நல்ல துணியா எடுத்துப் போட்டுட்டுக் கிளம்புற. என் பிள்ளைங்களைப் பார்க்கவா, சாவிக்காரரைப் பார்க்கவா?”

“அக்கா, சும்மா இரு.”

“நான் சும்மாத்தான் இருக்கேன். உன் காதுதான் சிவக்குது.”

அவன் சொன்ன நேரத்துக்கு வந்து பூட்டைத் திறந்தான். அவள் தட்டுகளை எடுத்துச் செல்களுக்கு உணவு மாற்றி, அதே இடங்களில் வைத்தாள். கை மட்டும் நிதானமாக வேலை செய்தது. மற்றதெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் ஒரு எட்டுத் தள்ளி, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். சாம்பல் நிறச் சட்டை. அன்றைய அதே சட்டை. மேலிருந்து மூன்றாவது இடத்தில் பட்டன் இல்லாமல் ஒரு ஊக்கு குத்தியிருந்தது.

“வேற பட்டன் கிடைக்கலையா?” என்று கேட்டுவிட்டாள்.

“கிடைக்கும்,” என்றான். “தைக்க மனசு வரல.”

பூட்டிவிட்டுப் போய்விட்டான். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் புதன்கிழமை வரை ஓட்ட வேண்டியிருந்தது.

*

புதன்கிழமை மறுபடியும் மழை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்தது. அவன் நனைந்து வந்தான். பெட்டியில் இன்று போர்டு இல்லை போலும், மழைக்கு ஒதுங்காமலே வந்திருந்தான்.

கதவு திறந்தது. பன்னிரண்டு தட்டுகள். எதில் மருந்து, எதில் இல்லை என்ற சீட்டு பெரிய மேடத்தின் அலமாரியில் இருந்தது. அவள் ஒவ்வொன்றாக எடுத்து, நீலச் சாயம் விட்டு, எண்ணும் மெஷினில் வைத்தாள். எண்களைத் தாளில் எழுதினாள். அவன் போகலாம். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் போகாமல் சுவரோரம் நின்றான்.

பெரிய மேடம் சீட்டை அனுப்பினார். அவள் விரல் எண்களின்மேல் ஊர்ந்தது. மருந்து கொடுக்காதவை… ஐம்பத்தைந்து. கதவு திறக்காததால் இவையும் பிழைத்திருக்கின்றன. மருந்து கொடுத்தவை… அறுபத்தெட்டு, எழுபது, அறுபத்தொன்பது… கதவோரம் இருந்த தட்டிலும் அறுபத்தொன்பது.

“முப்பது வித்தியாசம் இருந்துச்சு,” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். “இப்ப பதினாலு.”

“குறைஞ்சிடுச்சா?” அவன் குரலில் இப்போதுதான் முதல் முறையாக நிதானம் இல்லை.

“குறைஞ்சிடுச்சு. ஆனா இருக்கு… எந்த இடத்துல வெச்சாலும் இருக்கு.” தாளின்மேல் ஒரு சொட்டு விழுந்து எண் கலங்கியது. அவசரமாகத் துடைத்தாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் பள்ளிக்கூட மணி கேட்டது.

“பதினாலுதான் அக்கா.”

மணிச் சத்தம் ஓய்ந்தது. “நூத்துக்குப் பதினாலு. என் கிளாஸ்ல அது ஃபெயில்.” மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. “ஆனா காப்பி அடிக்காம வாங்கின பதினாலுடி… போதும் எனக்கு. சாவிக்காரர் பக்கத்துல இருக்காரா? இருந்தா நான் நன்றி சொன்னேன்னு சொல்லு. மீதியை நீயே சொல்லிக்கோ.”

போனை வைத்தாள். காது பற்றி எரிந்தது. அவன் கேட்காதவன்போல் பெட்டியைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

“கம்ப்ளெயின்ட்டை முடிக்கணும் மேடம். கீழ ஒரு கையெழுத்து.”

கையெழுத்துப் போடப் போனவள் நின்றாள். அவன் வந்த நாட்கள் வரிசையாக எழுதியிருந்தன. முதல் வரி: போர்டு மாற்றப்பட்டது, சரியாக ஓடுகிறது. இரண்டாவது வரி: கோளாறு இல்லை. மூன்றாவது: கோளாறு இல்லை. இப்படியே ‘கோளாறு இல்லை’ மட்டும் ஐந்து வரி.

“கோளாறு இல்லாத மெஷினைப் பார்க்க அஞ்சு தடவை வந்தீங்களா?”

அவன் ஜன்னலைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். வேறு பார்க்க எதுவும் மிச்சமில்லை.

“அன்னிக்கு அந்தப் புட்டிங்களோட இருபது நிமிஷம் நின்னேன்… எங்க அக்காவோடதுன்னு நீங்க சொன்ன குரல் வீட்டுக்குப் போயும் காதை விட்டுப் போகல. கருவியை வாரக் கடைசியில வந்து எடுத்தாப் போதும். ஆனா காலையில எழுந்தா கால் இங்கதான் வந்துச்சு.” கொஞ்சம் தயங்கினான். “இன்னொண்ணும் சொல்லணும். அந்தப் பள்ளங்கள்ல அஞ்சு நான் திறந்தது. திறக்க வேண்டிய அவசியமே இல்ல. உள்ள ஒரு திருகைத் தொட்டா, வெளிய நீங்க காபி வேணுமான்னு கேட்பீங்க. உங்களைச் சொல்லிட்டு என்னைச் சொல்லாம விட்டுட்டேன். அதான் உங்க முகத்தைப் பார்க்க முடியல. கோபம் எல்லாம் இல்ல.”

இத்தனை நாள் தன்மேல் கோபம் என்று நினைத்து அவள் மேசை மேசையாகத் துடைத்திருக்கிறாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“அப்போ எங்க அக்கா பிள்ளைங்களைக் குளிர்ல நடுங்க வெச்சதுல உங்களுக்கும் பங்கு இருக்கு.”

“இருக்கு.”

“அவகிட்ட நேர்ல வந்து சொல்லணும். காதைத் திருகுவா… கை எட்டாது. நீங்கதான் குனியணும்.”

“குனியறேன்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் அதை எடுக்கவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டு, இந்தப் பதினாறு நாளும் உருட்டி உருட்டி வழவழப்பாகிவிட்ட பட்டனை எடுத்து, உள்ளங்கையில் காட்டினாள். அவன் கண்கள் விரிந்தன. மழை வெளிச்சத்தில் அதே பழுப்பு.

“இதை நான் தர மாட்டேன்,” என்றாள். “சாவியை நீங்களும் தர வேண்டாம். அடுத்த தட்டுகள் நாளைக்கு உள்ள போகுது. மூணு நாளைக்கு ஒரு தடவை வந்து திறந்தாப் போதும்… செல்லுக்கு.”

“உங்களுக்கு?”

அவள் தலை குனிந்தது. கால் தாளம் போடுவதை நிறுத்தியிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு உடம்பில் ஒரு இடம்கூடப் பரபரக்கவில்லை.

“எனக்கு மூணு நாள் தாங்காது,” என்றாள். “தினமும் வாங்க.”